பள்ளித் தோட்டத்துக்கு ஏற்ற பட்டம் எது?

கேள்வி: "எங்கள் நடுநிலைப் பள்ளியில் கட்டடத்துக்குப் பின்புறம் 5 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளை வைத்து ஆர்வத்தோடு காய்கறி போடுகிறோம். மழைக்காலம் முடிவதற்குள் களை மண்டிவிடுகிறது; மே விடுமுறையில் மிச்சம் இருப்பதும் கருகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் தோட்டத்தை உயிரோடு வைத்திருக்க என்ன வழி?"

திண்டுக்கல் பக்கத்துச் சமவெளியில் அரசுப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து, பதினெட்டு ஆண்டுகள் மாணவர்களோடு காய்கறி பயிரிட்டவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் பள்ளியில் நேர்வது பெரும்பாலான பள்ளிகளில் நேர்வதுதான். பிள்ளைகளின் சோம்பலோ தண்ணீர்ப் பஞ்சமோ இதற்கு முதற்காரணம் அன்று. உழவர்களுக்கு விதைக்கும் பருவமாகப் பட்டம் இருப்பதைப் போலப் பள்ளிக்கும் ஒரு பட்டம் இருக்கிறது. அது ஜூனில் தொடங்கி, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பொங்கல் விடுமுறை என்று நின்று நின்று நடந்து, ஏப்ரலில் முடிகிறது. விதைத்த பிள்ளையின் கையிலேயே அறுவடையும் வந்து சேர வேண்டுமென்றால், மழையின் கணக்கையும் பள்ளியின் கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்தித்தான் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் காய் எளிதாக வளரும் என்று மட்டும் பார்த்து விதை வாங்கினால், அது காய்க்கும் நாளில் பள்ளி பூட்டியிருக்கும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 5 சென்ட் என்பது ஏறக்குறைய 2,180 சதுர அடி. முதல் ஆண்டில் இதில் பாதிக்கு மேல் கை வைக்காதீர்கள். பள்ளி வளாகத்து மண் வயல் மண்ணைப் போன்றதன்று. கட்டடம் கட்டியபோது கொட்டிய ஜல்லியும் சிமென்ட் காரையும் உடைந்த ஓடும் அரை அடி ஆழத்திலேயே கடப்பாரையில் தட்டுப்படும். அதற்கு மேலுள்ள மண்ணும் ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகள் ஓடி விளையாடியதில் இறுகிப்போயிருக்கும். நான் தொடங்கிய ஆண்டில் இதை உணராமல் நேரடியாக வெண்டை விதைத்தேன். ஒரு மாதம் ஆகியும் செடிகள் ஒரு சாண் உயரத்தைத் தாண்டவில்லை. அவற்றுள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, ஆணிவேர் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் மடங்கி, மாட்டுக் கொம்பைப் போல வளைந்திருந்தது. அதன்பிறகு எடுத்துவந்த புதுமண்ணும் மட்கிய தொழுவுரமும் சேர்த்து, தரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்திகள் அமைத்தோம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிலத்தில் ஒரு பகுதியில் பள்ளி திறந்த வாரமே தக்கைப்பூண்டு அல்லது சணப்பு என்னும் பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, 45 நாட்களில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால், அடுத்த பருவத்துக்குள் அந்த மண் கையில் எடுத்தால் உதிரும் பதத்துக்கு வந்திருப்பதைப் பிள்ளைகளே தொட்டுப் பார்க்கலாம்.

பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேல் போகக் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கை ஒன்றரை அடிதான் எட்டும். இரு பக்கமும் நின்று வேலை செய்தால் நடுவில் கால் வைக்கத் தேவை இருக்காது. நீளம் 10 அடி போதும். நடைபாதையை மட்டும் தாராளமாக 2 அடி விடுங்கள், ஏனெனில் பிள்ளைகள் எப்போதும் கூட்டமாகத்தான் வருவார்கள். பந்தலும் அப்படியே: வழக்கமாகப் பெரியவர்களுக்கு ஏற்ப ஆறடிக்கு மேல் போடுவார்கள், பள்ளிக்கு ஐந்தரை அடி உயரமே சரி. வேலிக்குக் கிளுவைக் குச்சிகளை மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றி, இடையிடையே ஆடாதொடை வைத்தால், பெயருக்கேற்ப ஆடு அதைத் தொடாது. பள்ளித் தோட்டங்களை அழிப்பவற்றுள் பூச்சிக்கு முன்னால் நிற்பவை சனி, ஞாயிறுகளில் திறந்த கதவு வழியே நுழையும் ஆடுகளே.

இனிப் பருவங்களுக்கு வருகிறேன். ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கும், பொறுமை இருக்காது. ஆகவே அந்த மாதத்துக்கு உரியது கீரை. சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும். ஒரு பாத்திக்கு ஒரு தேக்கரண்டி விதையுடன் நான்கு மடங்கு மணல் கலந்து தூவி, பூவாளியால் மென்மையாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாயைத் திருப்பிவிட்டால் விதையெல்லாம் பாத்தியின் ஓரத்தில் போய் ஒதுங்கிவிடும். எறும்புகள் கீரை விதையைச் சாரிசாரியாகத் தூக்கிச் செல்லும் என்பதால், விதைத்தவுடன் பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைக் கோடாகப் போடுவது எங்கள் வழக்கம். கீரை வளரும் அதே நாட்களில் வளாகத்து வேப்பமரத்தின் அடியில் பழங்கள் உதிரத் தொடங்கும். அவற்றைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்தி வைப்பதையும் ஜூன், ஜூலை மாத வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பூச்சிவிரட்டிக்கு அதுவே கைகொடுக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் பள்ளிக்கூடத்தை நினைத்துச் சொல்லவில்லை என்றாலும், ஜூலை நடுவில் பிறக்கும் ஆடி பள்ளிக்கு மிகவும் வாய்ப்பான மாதம். அப்போது வெண்டை, கொத்தவரை ஆகியவற்றையும், புடலை, பீர்க்கு, பாகல், சுரை ஆகிய கொடிகளையும் ஊன்றலாம். ஆடி முதல் வாரத்தில் போட்ட வெண்டை 45 முதல் 50 நாட்களில், அதாவது காலாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்பே முதல் காயைத் தரும். கொடிகளுக்கு ஒன்றரை அடிக் குழியெடுத்து, தொழுவுரமும் மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்தபின் நன்றாக இருக்கும் இரண்டை மட்டும் விட்டுவிட வேண்டும். மற்ற மூன்றையும் பிடுங்கப் பிள்ளைகளுக்கு மனம் வராது. காரணத்தைச் சொல்லிப் பிடுங்கவைப்பது ஆசிரியரின் கடமை. பந்தல் கால்களை ஒன்றரை அடி ஆழத்தில் இறுக்கமாக ஊன்றுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பது எங்கள் பகுதியில் மிகையன்று.

கொடிகளைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பள்ளித் தோட்டம் கற்பிப்பவற்றுள் மிக அருமையான பாடம் அங்கேதான் இருக்கிறது. ஓர் ஆண்டு எங்கள் பீர்க்கங்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து மொட்டுவிட்டும், பூத்ததைப் பிள்ளைகள் பார்க்கவே இல்லை. காலையில் வந்தால் பூக்கள் சுருங்கித் தொங்கும். மதியம் பார்த்தால் மறுநாளுக்கான மொட்டுகள் மூடியிருக்கும். கொடிக்கு நோய் வந்துவிட்டது என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கவலையோடு வந்து சொன்னாள். அன்று மாலை பள்ளி விட்டபின், பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் சிலரை மட்டும் இருக்கவைத்தேன். ஐந்து மணியைத் தாண்டியதும் மொட்டொன்றின் நுனி தளர்ந்து, மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, சற்று நேரத்தில் பந்தல் முழுவதும் பூவாகிவிட்டது. பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. வெள்ளை நூல்களைத் தொங்கவிட்டது போன்ற புடலம்பூ இருட்டும் வேளையில் விரியும். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும், பூசணிப்பூ வெயில் ஏறியதும் மூடிவிடும்.

இந்தக் கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில் வரும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்களே. அவை காய்க்காமல் உதிர்வதைக் கண்டு பலர் கொடியையே பிடுங்கிவிடுகிறார்கள். பெண்பூவின் இதழ்களுக்குக் கீழே விரல் நுனி அளவில் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து எந்தக் குழந்தையும் இனம் காணலாம். தேனீக்கள் குறைவாக வரும் வளாகங்களில், ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவச் சொல்லுங்கள். பூசணிக்கு இதைக் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். தடவிய பூவின் காம்பில் பெயர் எழுதிய சீட்டைக் கட்டிவைத்த பிள்ளை, பிஞ்சு பருக்கிறதா வெம்புகிறதா என்று மறுநாள் காலையில் பார்க்க ஓடி வருவதைக் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாடு ஆகஸ்டிலேயே தொடங்குகிறது. கத்தரியையும் மிளகாயையும் நிழலுள்ள இடத்தில் நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பர் மாதத்தில் நட்டுவிட்டால், அக்டோபரில் அடைமழை பிடிப்பதற்குள் வேரூன்றிவிடும். மழை தொடங்கியபின் நட்ட நாற்று பெரும்பாலும் அழுகும். நாட்டுக் கத்தரியே போதும். கடலூர் பக்கத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பாலூர் 1 போன்ற இரகங்களும் பள்ளிக்கு ஏற்றவை. காலாண்டு விடுமுறைக்குப் போகும் முன் எல்லாப் பாத்திகளின் ஓரத்திலும் வடிகால் வெட்டி, காய்ந்த இலைதழைகளை மூன்று விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். உங்கள் தோட்டத்தில் களை மண்டுவது இந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். மழை விடுமுறையும் தீபாவளி விடுமுறையும் சேர்ந்து வரும்போது, வெறும் மண்ணில் களைகள் பத்து நாட்களில் மண்டிவிடும்; மூடாக்கு போட்ட பாத்தியில் அவற்றின் பெரும்பகுதி வெளிச்சம் கிடைக்காமல் அடங்கிவிடும். மூடாக்கைப் புரட்டும்போது மட்டும் முதலில் குச்சியால் கிளறிப் பார்க்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். பாம்பும் தேளும் அங்கே ஒண்டும்.

மழை நாட்களில் தோட்டத்தில் வேலை குறைவு, பாடம் அதிகம். நேரான சுவருடைய கண்ணாடிக் குவளை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் அளவுகோலால் அளந்தால் அதுவே மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 30 சதுர அடிப் பாத்தி ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர்; ஆகவே 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பாத்தி 28 லிட்டர் தண்ணீரை வாங்கிக்கொண்டிருக்கிறது, அதாவது 7 லிட்டர் பூவாளியில் நான்கு முறை ஊற்றியதற்குச் சமம். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைகள் மறுநாள் தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்வார்கள்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, பிள்ளைகள் புழங்கும் இடத்தில் எந்த இரசாயன மருந்தையும் அனுமதிக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கத்தரியின் நுனிக்குருத்து ஒன்று மட்டும் திடீரென்று வாடித் தொங்கினால், அதைக் கிள்ளி நகத்தால் நீளவாக்கில் பிளந்து காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறப் புழு ஒன்று தண்டைக் குடைந்துகொண்டிருக்கும். வாரம் இரு முறை இவ்வாறு வாடிய நுனிகளைக் கிள்ளி அழித்தாலே காய்த்துளைப்பான் பெருமளவு கட்டுப்படும். வெண்டை இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சள் வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடிக்கு மருந்து இல்லை, உடனே பிடுங்கிவிட வேண்டும். மஞ்சள் நிற பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஜூலையில் உலர்த்திய வேப்பங்கொட்டையின் பருப்பு அரைக் கிலோவை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் சாறு உறிஞ்சும் பூச்சிகளும் இளம் புழுக்களும் குறையும்.

அரையாண்டு விடுமுறை முடிந்து வரும்போது மழை ஓய்ந்து, பனி இறங்கி, மண்ணில் ஈரம் இருக்கும். தைப்பட்டத்துக்கு முள்ளங்கி, தக்காளி, கொத்தமல்லி, இரண்டாம் முறை வெண்டை ஆகியவை பொருத்தமானவை. இந்தப் பருவத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மார்ச்சுக்குப்பின் தேர்வு மும்முரத்தில் தோட்டத்துக்கு ஆள் இருக்காது. எனவே ஜனவரி இறுதிக்குப்பின் எந்த நீண்ட நாள் பயிரையும் தொடங்காதீர்கள். 45 நாள் முள்ளங்கியும் 25 நாள் கீரையும் மட்டுமே பாதுகாப்பானவை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அறுவடை எங்கே போகிறது என்பது முக்கியமான கேள்வி. தமிழ்நாட்டில் 1982 முதல் சத்துணவுத் திட்டம் நடக்கிறது. மதிய உணவுத் திட்டத்தின் கீழ்ப் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்கள் அமைப்பதற்கு ஒன்றிய அரசும் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் ஐந்து சென்ட் தோட்டம் ஒரு சத்துணவுக் கூடத்தின் முழுத் தேவையையும் ஈடுகட்டும் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் அன்றாடம் கொடுக்கலாம். வெண்டையும் கத்தரியும் வாரம் ஒரு நாள் சாம்பாரில் சேரலாம். சமையலரிடம் முன்கூட்டியே கேட்டு நாளை முடிவு செய்யுங்கள். காலை பதினோரு மணிக்கு ஒரு கூடைக் கீரையை அவர் முன்னால் வைத்தால் அவருக்கு அது சுமை. காலை ஒன்பதரைக்குள், பிள்ளைகளே ஆய்ந்து, மூன்று முறை அலசி மண் போக்கிக் கொடுத்தால் அது உதவி. தட்டு கழுவும் தண்ணீரை, சோறும் பருக்கையும் தங்கும்படி ஒரு வலையையும் ஜல்லிக் குழியையும் கடக்கவைத்து, வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடலாம்.

பிள்ளைகளை வேலை வாங்குவதாகப் பெற்றோர் சிலர் வருந்துவார்கள். "படிக்கத்தானே சார் அனுப்பினோம்" என்று என்னிடமே ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவர் மாடாய் உழைப்பது தன் மகன் மண்ணில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஆதங்கத்தை மதிக்க வேண்டும். உடலுழைப்பின் வழியே கல்வி என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக்கல்வியும், 1947-இல் எங்கள் மாவட்டத்திலேயே தொடங்கிய காந்திகிராமமும் அதன் மேல் நின்றவை. ஆயினும் அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைக் கூலியாளாக்கிவிடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு பாடவேளையும், முறை வைத்துத் தினம் பதினைந்து நிமிடமும் போதும். தோட்ட வேலையை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அதன்பின் களைக்கொத்தைத் தொடும் ஒவ்வொரு பிள்ளையும் தவறு செய்தவனாகத் தெரிவான். பெண் பிள்ளைகள் கூட்டவும் தண்ணீர் ஊற்றவும், ஆண் பிள்ளைகள் வெட்டவும் என்று தானாக அமைந்துவிடும் பிரிவினையை முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். யார் வீட்டுப் பிள்ளை சாணம் கரைக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை கரைப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். முறைப்பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். குழுவுக்கு ஆறு பேர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கலந்து இருந்தால், மூத்தவர்கள் பள்ளியைவிட்டுப் போகும்போது பழக்கமும் அவர்களோடு போய்விடாது.

கடைசியாக மே மாதம். கோடையில் காய்கறிப் பாத்திகளை உயிரோடு வைத்திருக்க முயன்று நான் மூன்று ஆண்டுகள் தோற்றேன். விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்டவர்கள் முதல் வாரம் வருவார்கள். அதற்குமேல் அவர்களைக் குறை சொல்ல முடியாது, அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகளை வரச்சொல்வதும் நியாயமில்லை. தோட்டத்துக்கும் விடுமுறை உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. ஏப்ரல் நடுவில் எல்லாப் பாத்திகளையும் காலிசெய்து கொத்திவிடுங்கள். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். வெயிலில் காயும் மண்ணில் களை வேர்களும் கூட்டுப்புழுக்களும் மடியும். தக்காளி வேர்களில் முடிச்சு முடிச்சாகக் கண்ட பாத்தியில் நூற்புழு இருக்கிறது; அதை நன்றாக நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் இறுக்கமாக மூடி ஓரங்களை மண்ணால் அடைத்து, ஆறு வாரம் வெயிலில் விட்டுவிடுங்கள். விடுமுறையைத் தாங்கி நிற்க வேண்டியவை முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, வேலி ஆகியவை மட்டுமே. அவற்றின் அடியில் நெருக்கமான மூடாக்கோடு, அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானைகளைப் புதைத்துவைத்தால், வாரம் இருமுறை பானையை நிரப்ப ஓர் ஆள் போதும். அந்த ஒருவருக்குப் பள்ளிச் செலவில் சிறு தொகை கொடுத்துவிடுவதே முறை.

பள்ளி மூடுவதற்கு முன் எட்டாம் வகுப்பினர் விதை எடுக்க வேண்டும். தேமல் படாத நல்ல வெண்டைச் செடி ஒவ்வொன்றிலும் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு, அவை பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும்போது எடுக்கலாம். பீர்க்கை ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் வரை கொடியிலேயே விடலாம். தக்காளிச் சாற்றை ஒரு நாள் புளிக்கவைத்து அலசினால் விதை தனியே அடியில் தங்கும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு இரகங்களில் விதை எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது. நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து, இரகத்தின் பெயர், எடுத்த தேதி, எடுத்த குழுவின் பெயர் மூன்றையும் எழுதிப் போத்தலில் அடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும், புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைத் திறந்து கொடுத்து, ஒவ்வோர் இரகத்திலும் இருபது விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றிவைக்கச் சொல்லுங்கள். வெண்டையானால் ஐந்தாம் நாளில் துணியைப் பிரிக்கலாம். பாகல், புடலை போன்ற கெட்டித் தோல் விதைகளுக்குப் பத்து நாள் வரை பொறுக்க வேண்டும். பதினான்குக்கு மேல் முளைத்திருந்தால் வெண்டையைக் குழிக்கு இரண்டாகவும், அதற்குக் குறைந்திருந்தால் நான்காகவும் ஊன்றலாம். பாதிக்கும் கீழே போனால் அந்தப் போத்தலை ஒதுக்கிவிட்டு, ஊரில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் பாட்டி எவரிடமாவது ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.